ஈயம் கட்டாமல் ஈயை எறிவது

ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டவர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. நரம்பில் முள்ளைக் கட்டுகிறோம். முள்ளில் மண்புழுவைக் கோத்து, ஒரு சாண் மேலே ஈயக்குண்டு, அதற்கும் மேலே தக்கை. அப்புறம் தலைக்கு மேல் ஒரு சுழற்றுச் சுழற்றி வீசுகிறோம். இருபதடி தள்ளிப் போய்த் தொப்பென்று விழுகிறது. அவ்வளவு தூரம் பறந்து போனது எது? புழு இல்லை, முள்ளும் இல்லை. ஈயம்தான் போனது. மற்றதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனவை.

சரி, ஈயத்தைக் கழற்றுங்கள். தக்கையையும் கழற்றுங்கள். புழு வேண்டாம். ஒரு நெல்மணி நீளமுள்ள முள்ளை எடுத்து, அதில் கொஞ்சம் நூலும் சேவல் கழுத்து இறகு ஒன்றும் சுற்றிக் கட்டுங்கள். பார்த்தால் ஏதோ ஒரு சின்னப் பூச்சி மாதிரி இருக்கும். இதை இருபதடி எறிய முடியுமா? கொசுவைப் பிடித்து எறிவது போலத்தான். காலடியிலேயே விழும். காற்றடித்தால் சட்டையில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஃப்ளை ஃபிஷிங் என்ற மீன்பிடிக் கலை இந்தச் சிக்கலில் இருந்துதான் தொடங்குகிறது. இரைக்கு எடை இல்லை என்றால் நரம்புக்கு எடை கொடுத்துவிடு. நரம்பை எறி, இரை தானாகப் பின்னால் வரும். மொத்த விஷயமும் இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு வினை இருக்கிறது. காற்றில் இவ்வளவு உதவி செய்யும் அந்தக் கனத்த நரம்பு, தண்ணீரில் விழுந்த கணமே எதிரியாகிவிடும். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். புதிதாகக் கற்பவர்கள் முதல் பாதியைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். மீன் கிடைப்பதும் கிடைக்காததும் இரண்டாம் பாதியில் இருக்கிறது.

முதலில், இத்தனை பாடு எதற்கு? புழுவையே போட்டால் ஆகாதா?

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஸ்டாக்பிரிட்ஜ் என்று ஒரு சிற்றூர். பெரிய தெரு என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. டெஸ்ட் என்ற ஆறு பல கிளைகளாகப் பிரிந்து அந்தத் தெருவுக்கு அடியில் புகுந்து ஓடுகிறது. நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தாலே ட்ரவுட் மீன்கள் தெரியும். தண்ணீர் கண்ணாடி மாதிரி. காரணம் அடியில் இருக்கும் சுண்ணப்பாறை, அதாவது சாக்பீஸ் கல்லேதான். மழை அதற்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து, ஊற்றாக வெளியே வருகிறது. ஊற்று நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10, 11 டிகிரி செல்சியஸ். நம் ஊர்க் கிணற்று நீர் போல, கோடையில் குளுமை, குளிர்காலத்தில் வெதுவெதுப்பு. ட்ரவுட்டுக்கு இதைவிட நல்ல வீடு அமையாது. அது குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு மூச்சு முட்ட ஆரம்பிக்கும். சூடான நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு.

அந்தத் தெருவோரத்தில் ஐந்து நிமிடம் நின்று ஒரே ஒரு மீனைப் பாருங்கள். ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து, பாசிக்கொடி அசைவது போல வாலை மட்டும் அசைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் நிற்கும். எங்கேயும் போகாது. திடீரென்று ஒரு சாண் இடப்பக்கம் நகரும், வாய் வெள்ளையாக ஒரு முறை திறந்து மூடும், மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும். பந்தியில் இடம் பிடித்தவர் இலையை விட்டு எழுந்திருப்பாரா? பரிமாறுபவர்தான் வரவேண்டும். ட்ரவுட்டுக்குப் பரிமாறுவது ஆறு. ஓட்டத்தில் அடித்து வரும் பூச்சிகளில் எட்டியதை மட்டும் அது எடுக்கும். பத்தடி ஓடிப் போய் ஒரு பூச்சியைப் பிடித்தால், தின்றதைவிட ஓடியதற்குச் செலவான சக்தி அதிகமாகிவிடும். கணக்குப் பிள்ளை மாதிரி வாழும் மீன் அது.

அது தின்னும் பூச்சிகளில் பேர் போனது மேஃப்ளை. இதன் வாழ்க்கை விசித்திரமானது. முட்டையில் இருந்து வெளிவந்ததும் நிம்ஃப் என்ற இளம்பூச்சியாகத் தண்ணீருக்குள்ளேயே வாழும். டெஸ்ட் ஆற்றின் பெரிய மேஃப்ளை வண்டலுக்குள் வளை தோண்டி ஏறக்குறைய இரண்டு ஆண்டு கிடக்கும். அப்புறம் மே மாதக் கடைசியில் ஒரு நாள் நீர்மட்டத்துக்கு நீந்தி வந்து, தோலைக் கிழித்து, சிறகோடு எழும். சிறகு சற்று உலரும்வரை, படகில் பாய் விரித்தது போல நீரின் மேல் மிதந்து போகும். மீனுக்குக் கொண்டாட்டம் அப்போதுதான். தப்பியவை மரத்துக்குப் பறந்து போய் இன்னொரு முறை தோலுரிக்கும்; சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி உலகில் இது ஒன்றுதான். பிறகு இணைசேர்ந்து, நீரில் முட்டையிட்டு, சிறகை விரித்தபடி செத்து மிதக்கும். சிறகு வந்தபின் அதற்குச் சாப்பிட வாயே வேலை செய்யாது. மழை விட்ட மாலையில் நம் ஊரில் ஈசல் கிளம்பும்போது கோழியும் பல்லியும் தவளையும் என்ன பாடு படும் என்று பார்த்திருக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அந்தக் காட்சிதான், ஆற்றின் மேல். அந்த நாட்களில் ட்ரவுட் வழக்கமான எச்சரிக்கையை எல்லாம் மறந்துவிடும். ஆங்கிலேயர்கள் அந்தக் காலத்துக்கு ‘டஃபர்ஸ் ஃபார்ட்நைட்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். கத்துக்குட்டிக்கும் மீன் விழும் இரண்டு வாரம் என்று பொருள்.

இப்போது தெரிகிறது, ஏன் பொய்ப்பூச்சி என்று. மீன் தின்றுகொண்டிருப்பது முள்ளில் கோக்க முடியாத, கோத்தால் நசுங்கிப் போகிற ஒரு பூச்சி. அதனால் அதைப் போலவே ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. இது புது யோசனையும் இல்லை. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானியர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் புள்ளி போட்ட மீன்கள் ஒருவகை ஈயைத் தின்கின்றன. அந்த ஈயைக் கையால் தொட்டாலே நிறம் போய், சிறகு உதிர்ந்துவிடுகிறது. ஆகவே மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் மெழுகு நிற இறகு இரண்டைக் கட்டிப் பிடிக்கிறார்கள் என்கிறார். 1,800 ஆண்டு கழித்தும் முள், நூல், சேவல் இறகு என்ற சேர்க்கை மாறவில்லை.

சேவல் இறகு ஏன் என்றால், அதன் இழைகள் விறைப்பானவை. முள்ளைச் சுற்றிக் கட்டினால் நாலாப்பக்கமும் முடி போல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நுனிகள் நீரின் பரப்பை அழுத்திக்கொண்டு நிற்பதால் பூச்சி மூழ்காது. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் அரக்குச் சொட்டு விட்டது போலப் பளபளப்பான புள்ளிகள் இருக்கும். விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கக் கட்டிய பொய்ப்பூச்சிகளில் அதற்கு ஏக மரியாதை. மீனின் கண் போல இருக்குமாம். அங்கே ஆற்றில் நின்ற துரைமார்களுக்காக இங்கே எத்தனை சேவல்கள் போயினவோ. இப்போது அந்தப் பறவை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது.

சரி, கருவிகளுக்கு வருவோம். கடைக்குப் போனால் தலை சுற்றும் அளவுக்கு எண்கள் சொல்வார்கள். தொடக்கத்துக்கு ஒன்றே போதும்: ஒன்பதடி நீளம், ஐந்தாம் எண். இந்த ‘ஐந்து’ கோலின் எடை இல்லை. அந்தக் கோல் எந்த நரம்பைத் தூக்கி வீசச் செய்யப்பட்டதோ, அந்த நரம்பின் எண். ஐந்தாம் எண் நரம்பின் முதல் 30 அடி 140 கிரெயின் இருக்க வேண்டும் என்பது அளவு. நம் கணக்கில் சுமார் 9 கிராம். குளத்துத் தூண்டிலில் ஒரு குண்டாகத் தொங்கிய ஈயம், இங்கே முப்பதடிக்கு நீட்டி மெழுகி விடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இந்த நரம்பு தங்கூசி போல மெல்லிசாக இருக்காது. பூணூல் தடிமனில், மேலே பிளாஸ்டிக் பூச்சோடு, பெரும்பாலும் மிதக்கும் வகையாக, கண்ணில் அடிக்கும் மஞ்சளிலோ ஆரஞ்சிலோ இருக்கும்.

இவ்வளவு தடியான நரம்பை மீனின் தலைமேல் போட்டால் அது ஓடிவிடாதா? ஓடிவிடும். அதனால் நரம்பின் நுனியில் லீடர் என்ற இழையைக் கட்டுகிறார்கள். ஒளி ஊடுருவும் நைலான், ஒன்பதடி நீளம். கட்டும் இடத்தில் தடியாக இருந்து, எலிவால் போலப் போகப்போக மெலிந்து, பூச்சி கட்டும் நுனியில் முடி மாதிரி ஆகிவிடும். அந்த நுனிக்கு ‘5எக்ஸ்’, ‘6எக்ஸ்’ என்று எண் சொல்வார்கள். இதற்கு ஓர் எளிய கணக்கு: 11இல் இருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற தடிமன். 5எக்ஸ் என்றால் 11 கழித்தல் 5, ஆக ஆயிரத்தில் 6 பங்கு அங்குலம், ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். எண் கூடக்கூட இழை மெல்லிசு. முள்ளுக்கும் அப்படித்தான், 16ஆம் எண் முள் 12ஆம் எண்ணைவிடச் சிறியது. ஏன் தலைகீழாக வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

கோல் இப்போது கார்பன் இழையில் வருகிறது. கையில் பிடித்தால் எடையே தெரியாது. அதற்கு முன்னால் பல காலம் மூங்கில்தான் ராஜா. சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோங்கின் மூங்கிலை முக்கோணச் சிம்புகளாகச் சீவி, ஆறு சிம்பை ஒட்டி அறுகோணக் கோலாக்குவார்கள். இன்றும் சிலர் அதைத்தான் பிடிப்பேன் என்பார்கள். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ராட்டில், அதாவது ரீல், நரம்பைச் சுற்றி வைக்கும் இடம் என்ற அளவில் தெரிந்தால் போதும்.

இனி வீச்சு. குளத்தில் வீசுவது கல்லெறிவது போல. இது சாட்டை வீசுவது போல, ஆனால் சொடுக்காமல்.

இருபத்தைந்தடி நரம்பு உங்கள் முன்னால் புல்லின் மேல் நேராகக் கிடக்கிறது. கோலின் நுனி தரையைப் பார்க்கிறது. மெதுவாகத் தூக்க ஆரம்பித்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், கோல் காதைக் கொஞ்சம் தாண்டியதும் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதுதான் வீச்சு. கோல் நின்றாலும் நரம்பு நிற்காது. கோல் நுனியைத் தாண்டி, ‘ப’ எழுத்தைப் படுக்கப் போட்டது போல ஒரு வளைவு எடுத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் விரியும். அது முழுதாக விரியும் வரை சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் வருவதில்லை. முதல் நாளில் என் கை பின்னால் போன வேகத்தில் முன்னால் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் பளீர் என்று ஒரு சத்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சத்தம் வந்தால் வீச்சு சரி என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் வீசினேன். அப்புறம் இழையைக் கையில் எடுத்துப் பார்த்தால் நுனியில் பூச்சி இல்லை. நரம்பு விரிவதற்குள் முன்னால் இழுத்தால் நுனி சாட்டை போலச் சொடுக்கும். சொடுக்கில் பூச்சி அறுந்து போகும். சொல்லிக்கொடுத்தவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் பிறகு சொன்ன யோசனை எனக்கு உதவியது: வெட்கப்படாமல் தலையைத் திருப்பி, பின்னால் நரம்பு விரிவதைக் கண்ணால் பார். வளைவு அவிழ்ந்து முடிந்து, நரம்பு நேராகி, கோல் நுனியை லேசாகப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பு கையில் தெரிந்ததும் முன்னால் கொண்டுவந்து, கண்ணுக்கு நேரே கோலை மறுபடி நிறுத்து. வளைவு இப்போது முன்னால் உருண்டு போய், லீடர் விரிந்து, பூச்சி கடைசியாக இறங்கும். நரம்பை எவ்வளவு தூரம் அனுப்பினோம் என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆற்று ட்ரவுட்டுகளில் பல முப்பதடிக்குள்தான் மாட்டுகின்றன.

பூச்சி மீனுக்கு ஆறடி மேல்பக்கம், அதாவது ஓட்டம் வரும் திசையில், அழகாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் சொன்ன வினை இங்கேதான் வருகிறது.

ஆறு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் வேகம், கரையோரத்தில் மெதுவு, கல்லுக்குப் பின்னால் சுழி, கசத்தில் அசைவே இல்லாதது போல ஒரு மயக்கம். மீன் எதிர்க்கரையின் மெதுவான நீரில் நிற்கிறது. உங்கள் பூச்சியும் அங்கே விழுந்திருக்கிறது. நரம்போ நடு ஆற்றின் வேகத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. இரண்டே நொடிதான். நடு ஓட்டம் நரம்பை வயிறு தள்ளினாற்போல் கீழே இழுக்கும். நரம்பு லீடரை இழுக்கும். லீடர் பூச்சியை இழுக்கும். மெதுவான நீரில் சும்மா மிதக்க வேண்டிய பூச்சி, மோட்டார் வைத்தது போல நீரைக் கிழித்துக்கொண்டு குறுக்கே ஓடும். கூடவே மிதந்து வரும் உண்மைப் பூச்சி ஒன்றும் அப்படி ஓடுவதில்லை. மீன் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிவிடும். இதற்கு டிராக் என்று பெயர். தமிழில் இழுவை என்றால் சரியாக இருக்கும். பூச்சியின் நிறம் சரியில்லை, அளவு சரியில்லை என்று பெட்டியைத் துழாவிக்கொண்டிருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருடைய உண்மையான பிரச்சினை இந்த இழுவைதான் என்பது என் எண்ணம். கண்ணுக்குத் தெரியாத அளவு இழுவையே மீனுக்குப் போதும்.

என்ன செய்வது? பூச்சி விழுந்ததும், நடு ஓட்டம் நரம்பைக் கீழே தள்ளுவதற்கு முன், கோல் நுனியால் நரம்பின் வயிற்றுப் பகுதியை மட்டும் தூக்கி ஆற்றின் மேல்பக்கமாகப் போட்டுவிட வேண்டும். கயிற்றைத் தரையில் கிடத்தி ஒரு முனையில் அலை எழுப்பி விளையாடுவோமே, அந்தக் கைவாக்குதான். மெண்டிங் என்பார்கள். இப்போது ஓட்டம் முதலில் அந்த மேல்வளைவை நேராக்க வேண்டும், பிறகுதான் பூச்சியை இழுக்க முடியும். உங்களுக்கு நாலைந்து நொடி கூடுதலாகக் கிடைக்கும். ட்ரவுட்டுக்கு அது போதும். இன்னொரு வழி, குறுக்கே நிற்காமல் மீனுக்குக் கீழ்ப்பக்கம் போய், ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வீசுவது. நரம்பும் பூச்சியும் ஒரே ஓட்டத்தில் சேர்ந்து உங்களை நோக்கி வரும். வரவர நரம்பை இடக்கையால் இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மீனுக்குக் கீழ்ப்பக்கம் நிற்பதில் வேறொரு லாபமும் உண்டு. தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும் மீனுக்குப் பின்பக்கம் தெரியாது. அதன் பார்வையைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் பல விஷயம் விளங்கிவிடும். ஒளி நீருக்குள் போகும்போது வளைவதால், மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னல் வழியாகத்தான் தெரியும். ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சன்னலின் குறுக்களவு இரண்டே காலடிதான். அதற்கு வெளியே நீரின் மேற்பரப்பு அடியில் இருந்து பார்த்தால் கண்ணாடி. ஆற்றுப் படுகையைத்தான் காட்டும். அந்தக் கண்ணாடியின் மேல் ஒரு பூச்சி மிதந்து வந்தால், கால்கள் அழுத்தும் இடத்தில் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள் மட்டும் முதலில் தெரியும். சன்னலின் விளிம்புக்கு வந்த பிறகே சிறகும் உடலும் தெரியும். மீன் நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தால் சன்னல் இன்னும் சுருங்கும். அப்போது பூச்சி ஒரு சாண் தள்ளிப் போனால்கூட அதற்குத் தெரியாமலே போய்விடும். அடிவானத்தை ஒட்டி இருப்பவை சன்னலின் ஓரத்தில் நசுங்கி, மங்கலாகத் தெரியும். ஆகவே, குனிந்து போ, முட்டி போட்டு வீசு, வெள்ளைச் சட்டை போடாதே. ஆற்றங்கரையில் வளர்ந்த மனிதர்கள் திருடன் போலப் பதுங்கிப் போவதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள்.

இதுவரை சொன்னது மிதக்கும் பூச்சி பற்றி. டிரை ஃப்ளை என்பார்கள். ஆனால் ட்ரவுட் தின்பதில் பெரும்பகுதி நீருக்குள்ளேயே நடக்கிறது. மேலே வரும் பூச்சியைவிட அடியில் உருளும் நிம்ஃப்தான் அதற்கு அன்றாடச் சோறு. இதை வைத்து இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. டெஸ்ட் ஆற்றங்கரையில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சட்டம் வகுத்தார்: மேலே வந்து தின்னும் மீனைப் பார்த்து, அது தின்னும் பூச்சியைப் போன்ற மிதக்கும் பூச்சியைத்தான் போட வேண்டும். மற்றதெல்லாம் மரியாதை இல்லை. பக்கத்திலேயே இட்சென் ஆற்றில் ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பிடித்த மீன்களின் வயிற்றுக்குள், நல்லி எலும்பு குடையும் நீண்ட கரண்டியை விட்டு, உள்ளே இருப்பதை எடுத்துத் தட்டில் நீர் ஊற்றிக் கலக்கிப் பார்ப்பார். மேலே வந்து தின்பது போலத் தெரிந்த மீனின் வயிற்றிலும் நிம்ஃப்தான் நிறைந்திருந்தது. வக்கீல் அல்லவா, சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ஹால்ஃபோர்ட் 1914இல் இறந்தார், சண்டை சாகவில்லை. 1938இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காகவே ஒரு விவாதம் நடந்தது. ஸ்க்யூஸுக்கு அப்போது 79 வயது. அந்த ஆறுகளின் சில பகுதிகளில் மிதக்கும் பூச்சி மட்டுமே, அல்லது ஜூலை வந்த பிறகே நிம்ஃப் என்ற விதி இன்றும் இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஸ்க்யூஸ் பக்கம்தான் நியாயம். ஆனால் மிதக்கும் பூச்சியின் மேல் மீன் வாய் திறப்பதைக் கண்ணால் பார்க்கும் அந்த ஒரு நொடிக்கு நிம்ஃப் ஈடாகாது. ஹால்ஃபோர்டின் ஆட்களையும் குறை சொல்ல முடியவில்லை. புதியவர்கள் மிதக்கும் பூச்சியிலேயே தொடங்கலாம். நடப்பதெல்லாம் கண்முன் நடக்கும், தவறு உடனே தெரியும். நிம்ஃபுக்குப் போகும்போது, ஃபிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர் கட்டிய ஃபெசன்ட் டெயில் என்ற பொய்ப்பூச்சி ஒன்று பெட்டியில் இருக்கட்டும். ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவைச் சேவலின் வால் இறகு, நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பி, வேறெதுவும் இல்லை. மூழ்குவதற்கு வேண்டிய எடையைச் செம்பே தந்துவிடும்.

மீன் பூச்சியை வாங்கிவிட்டது. இப்போது கோலை உயர்த்தி முள்ளைப் பதிக்க வேண்டும். எப்போது? பெரிய ட்ரவுட் நிதானமாக எழுந்து, வாயை மூடி, தலையைக் கீழே திருப்ப நேரம் எடுத்துக்கொள்ளும். பதற்றத்தில் உடனே இழுத்தால் திறந்த வாயில் இருந்து பூச்சியை நாமே பிடுங்கிவிடுவோம். அதற்கு ஆங்கிலேயர்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள்: மீன் வாங்கியதும் ‘காட் சேவ் தி குவீன்’ என்று மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டு இழு. இப்போது அரசர் காலம், சொல்லைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடை மீன் சின்னதாக, துடிப்பாக இருந்தால் அரசருக்கெல்லாம் நேரமில்லை. உடனே உயர்த்த வேண்டும். 5எக்ஸ் இழை ஏறக்குறைய இரண்டு கிலோ இழுப்பைத்தான் தாங்கும் என்பதால் மீன் ஓடினால் நரம்பை விட்டுக்கொடுத்து, நின்றால் இழுத்து, கோலின் வளைவையே வில் போலப் பயன்படுத்திக் களைப்பாக்க வேண்டும்.

திருப்பி விடுவதென்றால் சில கட்டாயங்கள். கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் வழவழப்புத் தோல்பூச்சு உரிந்து, அங்கே பூஞ்சை பிடிக்கும். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கூரை, அதாவது எதிர்ப்பல்லை, நசுக்கிய முள் என்றால் விரலால் ஒரு திருப்பு, கழன்றுவிடும். மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே இதைச் செய்யலாம். பிறகு வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருந்தால், செவுள் நாலைந்து முறை திறந்து மூடும், வால் கையில் ஒரு தட்டுத் தட்டும், போய்விடும். கோடையில் தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் அன்றைக்குத் தூண்டிலே போடாதீர்கள். விட்டாலும் அது பிழைப்பது கடினம். ஒரு வெப்பமானி பையில் இருப்பது நல்லது.

இங்கிலாந்தில் தூண்டில் போட அரசு உரிமமும், கரைக்குச் சொந்தக்காரரின் அனுமதியும் தனித்தனியாக வேண்டும். டெஸ்ட் போன்ற ஆற்றில் மேஃப்ளை காலத்தில் ஒரு நாளுக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு கேட்பார்கள். இந்தியாவில் காஷ்மீரின் லிட்டர், இமாச்சலத்தின் தீர்த்தன் ஆறுகளில் உரிமம் வாங்கிக்கொண்டு பிரவுன் ட்ரவுட்டுக்குத் தூண்டில் போடலாம். நம் நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்ற ஆங்கிலேயரின் முயற்சியில் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி, மலை ஓடைகளில் விட்டார்கள். அங்கே பெரும்பகுதி இப்போது வனத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதியில்லாமல் கோலோடு போய் நிற்கக் கூடாது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ட்ரவுட் நம் ஓடைகளுக்கு வந்தேறி. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் ரெயின்போவுக்கும் பிரவுனுக்கும் இடமுண்டு. நம் ஓடைகளின் சின்ன மீன்களும் தலைப்பிரட்டைகளும் இதைக் கேட்டுக்கொண்டு வரவழைக்கவில்லை.

ஆனால் வீசக் கற்க ஆறே வேண்டாம். பக்கத்து மைதானம் போதும். முள் கட்டாமல், லீடர் நுனியில் ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். இருபதடி தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். காலையில் அரை மணி நேரம் போதும். காற்று எழும் முன் முடித்துவிட வேண்டும். நூல் தட்டில் விழ ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் யாராவது வேலி ஓரமாக நின்று, கட்டாந்தரையைப் பார்த்து, கோலைப் பார்த்து, “என்ன தம்பி, ஏதாச்சும் கடிச்சுதா?” என்று கேட்டே தீருவார்.